ஒரு தடவை சொன்னால் போதும்

பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. நெட்டையான உடம்பு, நீண்ட கழுத்து, நாள் முழுக்க உயரத்தில் ஒற்றை ஆளாக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிற தொழில். கொக்கு என்று பட்டப்பெயர் விழாமல் வேறென்ன விழும்? அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியைப் பிடித்து ஏறினால் சாயங்காலம்தான் மண்ணில் கால் வைப்பார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு வாக்கி டாக்கி. மேலே அவருடைய குடித்தனம் அவ்வளவுதான்.

அவர் மனைவிக்கும் பட்டப்பெயர்தான். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள், அதனால் மைக்கக்கா. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யார் பெற்ற பிள்ளை அழுதுகொண்டு அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். கணீரென்ற குரல். தப்பான வண்டியில் ஏறித் தூங்கிப்போனவன்கூட அந்தக் குரலுக்கு எழுந்து இறங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். அங்கே மைக் கெட்டுப்போன நாள்களில் கடைசி வரிசைக்காரர்களுக்கு அது கெட்டுப்போனதே தெரியாது.

ஆக, அந்த வீட்டில் ஒருத்தி நாள் முழுக்கப் பேசிச் சம்பாதித்தாள், ஒருவர் நாள் முழுக்கக் கேட்டுச் சம்பாதித்தார். பொருத்தமான ஜோடி என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பிள்ளைகள் இல்லை. அந்த வருத்தத்தைக்கூட அவள் எப்படியோ ஆற்றிக்கொண்டாள். ஆறாத வருத்தம் ஒன்று இருந்தது. தன் புருஷனுக்கு விசுவாசம் பத்தாது என்பது.

பத்தாது என்று சொல்ல அவளிடம் ஆதாரங்கள் இருந்தன. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் என்றால் அவருக்கு, "நன்றி ஆண்டவரே." முடிந்தது, கை தட்டில் இருக்கும். அவள் கண்ணை மூடி, விளைவித்தவர்களில் தொடங்கி, லாரியில் ஏற்றி வந்தவர்கள், கடைக்காரர், அடுப்புக்கு வாயு கொடுத்தவர்கள் வரைக்கும் ஒவ்வொருவரையும் ஆசீர்வதித்துவிட்டுக் கண்ணைத் திறக்கும்போது அவர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டிருப்பார். சபையில் கடைசி பெஞ்சு. கண்ணீர் கிடையாது, கை தூக்குவது கிடையாது, சாட்சி சொல்ல எழுந்தது கிடையாது. ஆமென் சொல்வார், அதையாவது ஒழுங்காகச் சொல்லக்கூடாதா? எல்லோரும் ஆமென் சொல்லி, இருமி, செருமி, உட்கார்ந்த பிறகு, பின்னாலிருந்து தனியாக ஒரு ஆமென் வரும். சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அவளுக்கு மானம் போகும்.

"ஏங்க, ஜனங்களோட சேர்ந்து சொன்னா என்ன?" என்று கேட்டாள்.

"சொல்றவர் சொல்லி முடிக்கட்டும்னு பார்த்தேன்" என்றார்.

இது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மனிதர் பிடிபட மாட்டார்.

கிரேன் தூக்குகிற சரக்கு பாதி நேரம் ஓட்டுகிறவர் கண்ணுக்கே தெரியாது. கட்டடத்துக்கு அந்தப் பக்கம் போய் இறங்கும். அங்கே கீழே நின்று வாக்கியில் வழி சொல்ல ஒரு சிக்னல்காரர் இருப்பார். அவர் சொல்கிறபடி மேலே இருக்கிறவர் லீவரை அசைக்க வேண்டும், கண்ணால் பார்க்காத இடத்தில், காதை மட்டும் நம்பி. அதற்குச் சட்டம் உண்டு. ஒரே குரல்தான் பேச வேண்டும். சொல்வதை ஒரே தடவை சொல்ல வேண்டும். கேட்டதற்கு அடையாளமாக மேலே இருக்கிறவர் "சரி" என்பார். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முன்பு ஒரு புது ஆள், பாவம், பதற்றத்தில், "ஒரு ஆள் உயரம் இறக்கு" என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டான். கொக்கு இரண்டு ஆள் உயரம் இறக்கினார். ஓரமாக நகர்த்த வேண்டிய கம்பிக்கட்டு நேராக மேஸ்திரியின் ஸ்கூட்டர் மேல் போய் உட்கார்ந்தது. ஸ்கூட்டர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த ஆளை வேறு வேலைக்கு மாற்றி, மைக்கக்காவின் தம்பியைச் சிக்னலுக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து மச்சான் மேலே, மச்சினன் கீழே.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு. "நிறுத்து." அந்த ஒரு சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கத்தலாம். யார் கத்தினது, அவனுக்கு என்ன தகுதி என்று மேலே இருக்கிறவர் விசாரிக்கக் கூடாது. லீவரை விட்டுவிட வேண்டும். ஒருநாள் டீ கொண்டு வருகிறவர் நிமிர்ந்து பார்த்துப் பயந்துபோய், "நிறுத்து, நிறுத்து, ஐயோ நிறுத்து" என்று கத்திவிட்டார். கிரேன் நின்றது. பார்த்தால் ஒன்றுமே இல்லை. எல்லோரும் அவரைத் திட்டினார்கள். கொக்கு மட்டும் வாக்கியில், "விடுங்கப்பா, அவருக்கு என்ன தெரிஞ்சுதோ" என்றார். இதைத் தம்பி வந்து அக்காவிடம் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது ஒரு சாதாரணக் காலையில்தான். கண்ணாடி முன் தலை வாரும்போது தொண்டைக்குப் பக்கத்தில் ஏதோ உருண்டது. தொட்டுப் பார்த்தாள். எச்சில் விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது. டாக்டர் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், படத்தைப் பார்த்தார். எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார். இன்னொன்றும் சொன்னார். குரலுக்கான நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே போகிறதாம். ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், இருந்தாலும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்றார்.

ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தலையில் கை வைத்து, "பயப்படாதே, ஆண்டவர் இருக்கார்" என்று சொன்னவள் அவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆண்டவர் இருக்கிறார், அது தெரியும். பயமும் இருந்ததே, அதை என்ன செய்வது? உயிர் போய்விடுமோ என்று பயம், குரல் போய்விடுமோ என்று அதைவிடப் பயம், உயிரைவிடக் குரலைப் பெரிதாக நினைத்துவிட்டோமே என்று தனியாக ஒரு பயம்.

அன்று சாயங்காலம் அவள் படுத்திருந்தாள். அவர் வேலையிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டார். பிறகு அடுக்களைக்குப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவத் தொடங்கினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "ஆண்டவரே, அவளைப் பார்த்துக்கோங்க." பிறகு மூடியைத் தேய்க்கிற சத்தம்.

அவள் எழுந்தே வந்துவிட்டாள்.

"அவ்வளவுதானா?"

"எது?"

"என் உசுரு விஷயம். டப்பா கழுவுற நேரத்துல ஒரு வரி. அவ்வளவுதானா நான்?"

"கேட்டுக்கிட்டார்மா."

"உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"ஒரு தடவை சொன்னா போதும். நானும் மேல உக்கார்ற ஆளுதானே, எனக்குத் தெரியாதா?"

எரிகிறதா இல்லையா? அவளுக்கும் எரிந்தது. நேராகப் பாஸ்டருக்குப் போன் போட்டாள். பாஸ்டர் நல்ல மனிதர், மறுநாளே வந்தார். இடைவிடாமல் ஜெபிக்க வேண்டும் என்பதைப் பற்றி, நீதிபதியை விடாமல் நச்சரித்துக் காரியத்தைச் சாதித்த விதவையைப் பற்றி, பொறுமையாக எடுத்துச் சொன்னார். கொக்கு முழுவதையும் கேட்டார். பாஸ்டர் முடித்துவிட்டார் என்பது உறுதியான பிறகு வாயைத் திறந்தார்.

"ரெண்டு தடவை சொன்னா குழப்பம் வரும், பாஸ்டர்."

"ஆண்டவர் குழம்ப மாட்டார், தம்பி."

"அவர் குழம்ப மாட்டார். நான் குழம்பிடுவேன். ரெண்டாவது தடவை சொல்றப்போ, முதல் தடவை சொன்னது அவர் காதுல விழலைன்னு நானே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்."

பாஸ்டர் டீயைக் குடித்தார். இது விசுவாசமா, பிடிவாதமா என்று தனக்குப் பிடிபடவில்லை என்று பிறகு தன் மனைவியிடம் சொன்னாராம். நல்ல மனிதர் என்று அதனால்தான் சொன்னேன்.

சபையில் ஜெபக் குழு என்று ஒன்று உண்டு. அதை நடத்துகிறவரை எல்லோரும் உபவாச அத்தை என்பார்கள். தான் உபவாசம் இருப்பது தனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அத்தை சொல்வார். அதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வார். அறுவை சிகிச்சை அன்று அத்தை தலைமையில் ஒரு கூட்டமே ஆஸ்பத்திரிக்கு வந்து, காத்திருக்கிற இடத்தில் வட்டமாக நின்று ஜெபிக்கத் தொடங்கியது. நர்ஸ் வந்து மெதுவாக என்றார். மெதுவாக ஜெபித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறியது. நர்ஸ் மறுபடி வந்தார்.

கொக்கு சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவியை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே கதவு வரைக்கும் நடந்தார். கதவு மூடியது. திரும்பி வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் டீ வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றார்கள், ஒன்று வாங்கித் தான் குடித்தார். பிறகு தூங்கிவிட்டார். சும்மா கண் அசந்தது இல்லை. கழுத்து மடிந்து, வாய் திறந்து, குறட்டை. அத்தை ஜெபத்தில் மூச்சு வாங்குகிற இடங்களில் எல்லாம் அந்தக் குறட்டை சரியாக வந்து விழுந்ததாகத் தம்பி பிறகு அக்காவிடம் சொன்னான்.

அத்தையால் பொறுக்க முடியவில்லை. தோளைத் தட்டி எழுப்பினார்.

"பெண்டாட்டி உள்ளே கத்திக்குக் கீழ கிடக்கா. எப்படித் தம்பி தூக்கம் வருது?"

கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லியாச்சு அத்தை. இப்போ சரக்கு அவர் கையில. நான் எதுக்கு நடுவுல பேசிக்கிட்டு?"

"சரக்காம்ல!" என்றார் அத்தை, கூட்டத்தைப் பார்த்து.

டாக்டர் வெளியே வந்தார். கட்டி நல்ல கட்டிதான் போலிருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார். கூட்டம் அல்லேலூயா என்றது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் கையை உயர்த்தி, இன்னும் முடிக்கவில்லை என்றார். நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. குரல் வரலாம், மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. அல்லேலூயா சொன்னவர்களுக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தெரியவில்லை. டாக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் நின்ற கொக்கு, "சரிங்க" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்தாள். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. காதருகே போனால் கிசுகிசுப்பு, அவ்வளவுதான். தாளிக்கிற சத்தத்தில் அதுவும் கேட்காது. அவரைக் கூப்பிடக் கரண்டியால் தட்டைத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் வாங்க. விடாமல் தட்டினால் கோபம். அந்த வீட்டில் ஒலிபெருக்கி இல்லாமலே அத்தனை வருஷம் ஓடிய ஒலி நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டுக்காரிக்கு நேரம் தெரியாமல் போனது, மைக்கக்கா பாட்டைக் கேட்டுத்தான் அவள் அடுப்பு பற்றவைப்பது வழக்கம்.

நிலையத்தில் நல்லவர்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, தொலைந்த பொருள்கள் வைக்கிற அறையில் உட்காரச் சொன்னார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துபோன ஒரு பல்செட். எல்லாம் அவளைப் போலவே பேசாமல் இருந்தன. அதுகூடப் பரவாயில்லை. அவள் விடுப்பு எடுக்கும் நாள்களுக்காக அவள் குரலையே முன்பு பதிவு செய்து வைத்திருந்தார்கள், இப்போது அதைத்தான் தினமும் போட்டார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே அவள் குரலே கணீரென்று வண்டி வண்டியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, இவள் உள்ளே குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் வெளியே ஒரு பிள்ளை தாயைக் காணாமல் அலறியது. பதிவில் அதற்கு அறிவிப்பு கிடையாது. அவள் எழுந்து ஓடி, மைக்கைப் போட்டு, வாயைத் திறந்தாள். நிலையம் முழுக்கக் காற்று ஊதுகிற சத்தம் கேட்டது. பிள்ளையைத் தாய் தானாகவே தேடிக் கண்டுபிடித்தாள். மைக்கக்கா அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகையும் சத்தமில்லாமல்தான் வந்தது.

அதே வாரம் உபவாச அத்தை பார்க்க வந்தார். பழம் கொண்டு வந்தார், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, ஒரு வீட்டில் ஒருத்தர் விசுவாசம் மட்டும் போதாது, இன்னொருத்தர் தடையாக நின்றால் ஆசீர்வாதம் வாசலோடு திரும்பிப் போய்விடும் என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. டீ கொண்டு வந்த கொக்கு, "சர்க்கரை போதுமா அத்தை?" என்று கேட்டார்.

அத்தை போன பிறகு அவள் கரண்டியை எடுத்துத் தட்டை விடாமல் தட்டினாள். அவர் வந்து எதிரே உட்கார்ந்து, காதை அவள் வாய்ப் பக்கம் கொடுத்தார்.

"இன்னொரு தடவை கேளுங்க" என்றாள்.

"சொல்லியாச்சேம்மா."

"என்ன சொன்னீங்க? பார்த்துக்கோங்கன்னு சொன்னீங்க. பார்த்துக்கிட்டார், உசுரோட இருக்கேன். குரலையும்னு ஒரு வார்த்தை சேர்த்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்?"

அவர் பேசவில்லை. அவள் முடித்துவிட்டாளா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்தாள். முடித்தாகிவிட்டது என்று கையைக் காட்டினாள். அப்போதும் பேசவில்லை.

"கேட்டு, இல்லேன்னு சொல்லிட்டார்னா?" என்றார் கடைசியில். "உசுரைக் கேட்டேன், குடுத்தார். இதையும் கேட்டு இல்லேன்னு ஆச்சுன்னா, உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பயமா இருக்கும்மா."

அவள் திகைத்துப்போனாள். இந்த மனிதருக்குப் பயம் உண்டு என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். கல்லு என்று நினைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறாளே! அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் வாயை அவர் காதோடு வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துன்னு யார் வேணாலும் கத்தலாம்னு சொல்வீங்களே. எத்தனை தடவை வேணாலும்னு சொல்வீங்களே. அந்த டீக்காரர் கத்தினப்போ நிறுத்தினீங்களா இல்லையா? ஒண்ணுமே இல்லாததுக்குக் கத்தினார். உங்களுக்கு அவர்மேல கோபம் வந்துச்சா?"

"இல்ல."

"உங்களுக்கே வரலை. ஆண்டவருக்கு வந்துடுமா?"

அன்று டப்பா கழுவும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கழுவின டப்பாவையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம். விண்ணப்பம் உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று பாஸ்டர் சொன்னார். வழக்கமாக எழுகிறவர்கள் எழுந்தார்கள். வீட்டு வாடகை, மகனுக்கு வேலை, முழங்கால் வலி. கடைசி பெஞ்சு நகர்ந்தது. யாரோ வெளியே போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொக்கு எழுந்து நின்றார். எழுந்தால் உயரம்தான், மின்விசிறிக்குப் பயந்து கழுத்தை வளைத்துக்கொண்டார். முன் வரிசையில் இருந்த மைக்கக்கா திரும்பவில்லை. அவளுக்குத் திரும்பப் பயம்.

"ஆண்டவரே, நிறுத்துங்க" என்றார்.

சபை ஒருவரை ஒருவர் பார்த்தது.

"போதும், நிறுத்துங்க. அவ பேசாம என்னால முடியலை. குரலைக் குடுத்துடுங்க. நிறுத்துங்க ஆண்டவரே, நிறுத்துங்க." குரல் உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

அப்படி ஒரு ஜெபத்துக்கு எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசையிலிருந்து காற்றாக ஒரு ஆமென் வந்தது. அத்தனை பேரும் சும்மா இருந்ததால் அது கேட்டது.

குரல் வரவில்லை. அடுத்த புதன்கிழமையும் எழுந்தார், அதையே சொன்னார். அதற்கு அடுத்த புதனும். தம்பி சொன்னபடி கிரேனிலும் இதே கதைதான். வாக்கியின் பேசுகிற பொத்தானில் தெரியாமல் முழங்கை பட்டு, சாப்பாட்டு நேரத்தில் மேலே அவர் ஜெபிப்பது கீழே இருந்த வாக்கிகளில் எல்லாம் ஒலித்திருக்கிறது. கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள், ஆண்டவரையே நம்பாத மேஸ்திரி, எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டார்கள். பொத்தானைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. தம்பி மட்டும் அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் தன் வாக்கியை அணைத்துவைத்தான்.

மாதங்கள் ஓடின. ஒவ்வொரு புதனும் கடைசி பெஞ்சு நகர்ந்தது. சபைக்கு முதலில் இருந்த உருக்கம் குறைந்து சங்கடம் வந்தது. அவர் எழுந்தால் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் உபவாச அத்தையே ஒரு புதன்கிழமை, அவர் எழுவதற்கு முன்பே திரும்பி உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. எத்தனை மாசமா அதையேதான் கேக்குறீங்க. ஒரு தடவை கேட்டாச்சுன்னா, கிடைச்சாச்சுன்னு நம்பி நன்றி சொல்லிட்டு உக்காரணும். திரும்பத் திரும்பக் கேட்டா என்ன அர்த்தம்? விசுவாசம் இல்லேன்னு ஆயிடாதா?"

கொக்கு எழுந்து நின்று, அத்தை முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார்.

"இருக்கிறதாலதான் கேக்குறேன், அத்தை" என்றார். "மேல ஆள் இல்லாத கிரேனைப் பார்த்து யாராவது கத்துவாங்களா?"

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு தடவை சொன்னால் போதும் என்று ஆஸ்பத்திரியில் குறட்டை விட்டவருக்கும், ஒரு தடவை கேட்டால் போதாதா என்று இப்போது கேட்கிற அத்தைக்கும் நடுவில் என்ன நடந்து முடிந்திருக்கிறது என்பது முன் வரிசையில் இருந்த ஒருத்திக்கு மட்டும் முழுசாக உறைத்தது. இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள் இரண்டு பேரும்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

சத்தமாக.

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். அழகாக இருந்தது என்று அவள் தம்பியால்கூடச் சொல்ல முடியாது. ஆனால் சத்தம். அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "என்னங்க" என்றாள். கரகரவென்று, பாதி காற்றும் பாதி குரலுமாக, கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

நின்றுகொண்டிருந்தவர், "சரி" என்றார். வாக்கியில் சொல்கிற அதே சரி. சொல்லிவிட்டு உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். உபவாச அத்தை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். மைக்கக்காவுக்காக அந்த வாரம் முழுக்க அத்தை சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததால் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று குழுவில் பயந்துபோயிருந்தார்கள்.

நரம்பு தானாகத் தேறியிருக்கும், மாதக்கணக்கில் ஆகலாம் என்று அப்போதே சொன்னேனே என்றார் டாக்டர். ஆமாங்க, சொன்னீங்க என்றார் கொக்கு. அதற்குமேல் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், மனைவியைக் கைகாட்டிவிட்டார். சாப்பாட்டு ஜெபம் பழையபடி, "நன்றி ஆண்டவரே", கை தட்டில்.

பழைய கணீர் திரும்பவில்லை. மைக்கக்கா மறுபடி மைக்கில் உட்கார்ந்த முதல் வாரம், புதிதாக ஒரு ஆண் ஆளைப் போட்டிருக்கிறீர்கள், அவருக்கு ஜலதோஷம் போலிருக்கிறது என்று பயணிகள் வந்து சொன்னார்கள். பாட்டை இப்போது வேறொரு பெண் எடுத்துக் கொடுக்கிறாள், மைக்கக்கா கரகரவென்று கூடப் பாடுகிறாள்.

சாயங்காலம் கிரேனிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகக் கொக்கு அந்த நிலையத்தில்தான் வண்டி பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, டப்பாவைக் கையில் பிடித்தபடி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். வண்டி வந்து நிற்கும், ஆள்கள் ஏறுவார்கள், கண்டக்டர் அவரைப் பார்த்து, "ஏறுங்கண்ணே, கிளம்பப் போறோம்" என்பார்.

"இருங்க தம்பி" என்பார் கொக்கு. "அவ சொல்லி முடிக்கட்டும்."

அதற்குள் வண்டி போய்விடும்.